நாம் சொல்லாது விட்ட சொல்

நம்மவர்கள் டாக்டரிடம் போகும்பொழுது கைக்கொள்ளும் வழக்கமொன்றை நேயர்கள் கவனித்திருக்கலாம். நோயாளி ஒருவராயிருப்பார், பேசுகிறவர் வேறொருவராயிருப்பார். தாயைக் கூட்டிக்கொண்டு மகன் போவான். டாக்டர் கேட்கும் கேள்வி தாயைப் பற்றியதாயிருக்கும். சொல்லும் விடை மகனுடையதாயிருக்கும். தாய் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் அமர்ந்திருப்பாள். நாமும் அவ்வாறே நடந்துகொண்டோம். அதனால் விளைந்ததை ஒளியாமல் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தன் பிழையைத் தானே பத்திரிகையில் போட்டுக்கொள்வது பெருமைக்குரிய காரியமன்று. எனினும், கெடாவின் தோட்டங்களிலும் ஊர்களிலும் இடுப்பு மூட்டுத் தேய்ந்து, வாசற்படி இறங்கமாட்டாமல் வீட்டினுள் முடங்கிக் கிடக்கும் தாய்மார் அநேகர். “கம்ப்யூட்டர் வைத்து இடுப்பு மாற்றுகிறார்களாமே, அது நல்லதுதானா?” என்று நம்மைத் தேடிவந்து கேட்கிறவர்களும் சிலர் இருக்கின்றனர். அவர்கட்கு ஒரே சொல்லில் விடை கூற நம்மால் இயலவில்லை. நடந்ததை நடந்தவாறு சொன்னால், அவரவரே முடிவு செய்துகொள்வார்கள் என்று நம்புகிறோம்.

நம் அன்னையார் 1948-ஆம் ஆண்டில், ஜெராய் மலையடிவாரத்தில், பீடோங்கை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பதினைந்தாம் வயதில் உளி பிடித்தவர், நாற்பத்தெட்டாம் வயதில்தான் அதைக் கீழே வைத்தார். விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரை நிரையாக மரம் வெட்டி, வெயில் ஏறியதும் பால் எடுத்து, காண்டாக் கம்பின் இரு முனைகளிலும் வாளியைத் தொங்கவிட்டு, மேடும் பள்ளமுங் கடந்து ஸ்டோருக்குச் சுமந்த உடம்பு அவருடையது. தோட்டம் கைமாறிச் செம்பனைக்காடாயிற்று, லயம் இடிபட்டது, நாங்கள் சுங்கைப்பட்டாணிக்குக் குடிவந்தோம். அவருடைய நடை மட்டும் நெடுநாள் தோட்டத்து நடையாகவே இருந்தது. முன்னே போகிறவரை முந்திவிடும் நடை.

2015-ஆம் ஆண்டில் அந்நடை தளரத் தொடங்கிற்று. இடது தொடைமடிப்பில் வலி என்றார். எண்ணெய் தேய்த்தோம், பற்றுப் போட்டோம், சுளுக்கு எடுக்கிறவர் ஒருவரிடம் இருமுறை அழைத்துப் போனோம். “வயசாகிவிட்டது, இனி இப்படித்தான், எல்லாம் தலையெழுத்து” என்று உறவினர் ஆறுதல் கூறினர். வயதையும் தலையெழுத்தையும் காரணமாகச் சொல்லிவிட்டால், அதற்குமேல் ஆராய வேண்டிய பொறுப்பு ஒருவருக்கும் இல்லையல்லவா? பல்லாண்டு பளுத் தூக்கி உழைத்தவர்களிடையே இடுப்பு மூட்டுத் தேய்வு மிகுதியாகக் காணப்படுகிறது என்று மருத்துவ ஆராய்ச்சிகள் கூறுகின்றன. தலையெழுத்து என்று நாம் பெயரிட்டதில் ஒரு பங்கு, காண்டாக் கம்பு எழுதிய எழுத்தாயிருக்கக்கூடும்.

எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்ததில் காரியம் விளங்கிற்று. இடுப்பு மூட்டென்பது ஒரு குழிக்குள் ஒரு பந்து சுழலும் அமைப்பு. இடுப்பெலும்பிலுள்ளது குழி, தொடையெலும்பின் தலை பந்து. இரண்டின் மேலும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கும். நம் அன்னையார்க்கு அப்போர்வை தேய்ந்துபோய், எலும்போடு எலும்பு உராய்ந்துகொண்டிருந்தது. எண்ணெயும் பற்றும் அவ்விடத்துக்குப் போய்ச் சேரப்போவதில்லை. மூட்டை மாற்றுவதே வழி என்றார் டாக்டர்.

மூட்டை மாற்றும் ரண சிகிச்சை நேற்று முளைத்ததன்று. 1891-ஆம் ஆண்டிலேயே பெர்லின் நகரத்தில் தெமிஸ்டோக்கிளிஸ் குளுக் என்னும் டாக்டர் யானைத் தந்தத்தில் பந்து கடைந்து வைத்துப் பார்த்தார். இன்றுள்ள முறைக்கு அடிகோலியவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. லங்காஷயர் மாகாணத்து ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் அவர் முதலில் டெஃப்லான் என்னும் பொருளாற் கிண்ணம் செய்து நூற்றுக்கணக்கானோர்க்கு வைத்தார். சில ஆண்டுகளில் அது தேய்ந்து, சுற்றியுள்ள தசையையும் எலும்பையும் கெடுத்தது. சார்ன்லி அத்தோல்வியை மறைக்கவில்லை. டெஃப்லானைத் தம் தொடையிலேயே வைத்துப் பார்த்து, அஃது உடம்புக்கு ஒவ்வாததென்று கண்டறிந்தார். 1962-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பாலிஎதிலீன் என்னும் வேறொரு பொருளாற் கிண்ணம் செய்து வைத்தார், அது நிலைத்தது. உலோகத் தண்டு, அதன் உச்சியிற் பந்து, அப்பந்தை ஏந்தும் கிண்ணம் என்னும் அடிப்படை இன்றளவும் அதுவே. 2019-இல் ‘லான்செட்’ என்னும் மருத்துவப் பத்திரிகையில் வந்த கணக்கின்படி, இவ்விதம் மாற்றிய இடுப்பு மூட்டுகளிற் பாதிக்குச் சற்று அதிகமானவை 25 ஆண்டுகள் நிலைக்கின்றன. அத்தனை காலத்துக்கு முன்னர் வைத்தவை பெரும்பாலும் டாக்டர்கள் தம் கண்ணையும் கையையுமே நம்பி வைத்தவை என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

பின், கம்ப்யூட்டருக்கு இங்கென்ன வேலை? கிண்ணத்தை எந்தச் சாய்வில் வைப்பதென்பதே இந்த ரண சிகிச்சையின் சூட்சுமம். அது மிகச் செங்குத்தாகவோ மிகப் படுக்கையாகவோ, முன்பக்கமோ பின்பக்கமோ அளவுக்கு மீறித் திரும்பியோ இருந்தால், ஏதேனுமொரு அசைவில் பந்து நழுவி வெளிவந்துவிடும். 1978-ஆம் ஆண்டில் லூவினெக் என்பவரும் அவருடன் உழைத்த அமெரிக்க டாக்டர்களும் 300 மூட்டுகளை ஆராய்ந்து ஓர் எல்லை வகுத்தனர். பக்கச் சாய்வு 40 டிகிரி, முன்திருப்பம் 15 டிகிரி. இரண்டிலும் பத்து டிகிரி கூடலாம், குறையலாம். இவ்வெல்லைக்குள் வைத்த கிண்ணங்களில் நூற்றுக்கு ஒன்றரை வீதம் நழுவின. வெளியே வைத்தவற்றில் நூற்றுக்கு ஆறு வீதம் நழுவின. ஆனால் நோயாளி மேசையின்மீது ஒருக்களித்துப் படுத்திருக்கிறார், துணி போர்த்தியிருக்கிறது, எலும்பைத் தட்டத் தட்ட உடம்பு சற்றே புரண்டுகொடுக்கிறது. அந்நிலையில் 40 டிகிரியைக் கண்ணால் மதிப்பிடுவது தேர்ந்த டாக்டருக்கும் எளிதன்று.

இதற்குத் துணையாகவே யந்திரம் வந்தது. இடுப்பெலும்பில் சிறு ஊசிகளைச் செருகி, அவற்றின்மேல் ஒளியைத் திருப்பியனுப்பும் குண்டுமணி போன்ற உருண்டைகளைப் பொருத்துகிறார்கள். கண்ணுக்குப் புலப்படாத ஒளியைக் கொண்டு ஒரு காமிரா அவ்வுருண்டைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. டாக்டர் ஒரு கோலின் நுனியால், இடுப்பின் முன்புறத்து இரு முனைகளையும் கீழே நடுவெலும்பையும் தொட்டுக் காட்டுகிறார். ‘இதுதான் இந்த உடம்பின் முன்பக்கம்’ என்று யந்திரம் அதைக்கொண்டு தெரிந்துகொள்கிறது. அதன்பின் கிண்ணத்தைத் தட்டி இறக்கும்பொழுது சாய்வு எத்தனை டிகிரி, திருப்பம் எத்தனை டிகிரி, கால் எத்தனை மில்லிமீட்டர் நீண்டது அல்லது குறுகியது என்பதைத் திரையில் எழுதிக் காட்டுகிறது. வெட்டுவதும் தட்டுவதும் டாக்டர் கைதான். யந்திரம் அளந்து சொல்கிறது. 1990-களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஆண்டனி டிஜியோயா என்னும் டாக்டரும் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தாரும் இவ்வகை யந்திரமொன்றை இடுப்புக்கென்று உருவாக்கினர்.

அதற்குச் சிறிது முன்னரே, 1992-இல், சாக்ரமென்டோ நகரில் ‘ரோபோடாக்’ என்னும் யந்திரம், அளப்பதோடு நில்லாமல், தொடையெலும்பினுள் தண்டுக்குரிய குழியைத் தானே கடைந்தது. முதலில் நாய்களுக்குச் செய்து பார்த்து, பிறகே மனிதர்க்குக் கொண்டுவந்தனர். ஜெர்மனி தேசத்தில் ஆயிரக்கணக்கானோர்க்கு அது பயன்படுத்தப்பட்டது. குழி வெகு நுட்பமாகத்தான் அமைந்தது. ஆனால் சுற்றியுள்ள தசைகள் கெட்டு, நடை குன்றியது என்று நோயாளிகள் பலர் வழக்குத் தொடுத்தனர். 2000-களின் நடுப்பகுதிக்குள் அங்கு அது கைவிடப்பட்டது. நுட்பம் வேறு, நன்மை வேறு என்பதற்கு அஃதோர் எச்சரிக்கை.

இவ்வெச்சரிக்கை அந்நாளில் நம் கண்ணிற் படவில்லை. நாம் சுங்கைப்பட்டாணியில் ஒரு காரியாலயத்திற் கணக்கெழுதிப் பிழைக்கிறவர். எண்களின்மீது நமக்குப் பிரீதி அதிகம். அரசாங்க ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே கம்ப்யூட்டர் இல்லாத சாதாரண முறைதான் என்றார்கள். கூலிமில் வாழும் நம் தமக்கையார், “காத்திருப்போம், தம்பி. அங்கே செய்துகொண்டவர்கள் நன்றாகத்தானே நடக்கிறார்கள்?” என்றார். நாம் கேட்கவில்லை. அன்னையாரின் சேமநிதியில் எஞ்சியதையும் நம் சேமிப்பையும் திரட்டி, கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியை நாடினோம். தாய்க்குச் சிறந்ததையே செய்யவேண்டுமென்னும் அன்பு அதில் இருந்தது மெய். ‘எங்கள் அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் வைத்துச் செய்தோம்’ என்று நாலுபேரிடம் சொல்லிக்கொள்ளும் ஆசையும் இருந்தது. இரண்டில் எது மிகுந்திருந்தது என்று இன்று நம்மைக் கேட்டால், நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியவில்லை.

புறப்படுவதற்கு முந்தின இரவு, கிண்ணம், சாய்வு, 40 டிகிரி என்று நாம் படித்ததையெல்லாம் அன்னையாருக்கு விளக்கினோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மரத்துக்குத் தகடு வைத்துக் கோடு போடுகிற மாதிரிதானே, தம்பி?” என்றார். நமக்கு அது முதலிற் புரியவில்லை. அவரே விளக்கினார். இளமரத்தைப் புதிதாக வெட்டுக்கு எடுக்கும்பொழுது கண்ணளவில் வெட்டவிடமாட்டார்கள். மெல்லிய தகடு பொருத்திய கம்பை மரத்தோடு சேர்த்துப் பிடித்து, இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக, 30 டிகிரிச் சாய்வில் கோடிழுத்துக் கொடுப்பார்கள். சாய்வு குறைந்தால் பால் கோட்டை விட்டு வழியும். கூடினால் பட்டை வீணாகும். “கோடு போட்டுக் கொடுத்தால் மட்டும் போதாது. எந்த மரம் எப்படி நிற்கிறது, மேட்டில் நிற்கிறதா பள்ளத்தில் நிற்கிறதா என்று பார்த்துத்தான் மங்கு கட்டவேண்டும். இல்லாவிட்டால் பாலெல்லாம் தரைக்குத்தான்” என்றும் சொன்னார். நாம் சிரித்துக்கொண்டே, “இது கம்ப்யூட்டரம்மா, எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும்” என்றோம். முப்பத்துமூன்று வருஷம் உளி பிடித்தவரிடம், அளவைப்பற்றி நாம் சொன்ன சொல் அது.

ரண சிகிச்சைக்கு முன் டாக்டர் எங்களைச் சந்தித்தார். மலாய்க்காரர், பொறுமையுள்ளவர். அன்னையாரை நோக்கி, “மக்சிக், வீட்டில் எப்படி உட்காருவீர்கள்? நாற்காலியிலா, தரையிலா? கக்கூசு உயரமானதா, குந்தி உட்காருவதா?” என்று மலாயில் வினவினார். அன்னையார் வாய் திறக்குமுன் நாம் முந்திக்கொண்டு ஆங்கிலத்தில், “எல்லாம் நாற்காலிதான், டாக்டர். உயரமான கக்கூசுதான்” என்றோம்.

அது பொய். நாம் குடியிருந்தது பழைய மலிவுவிலை வீடு. அதிலிருந்தது குந்தி உட்காரும் கக்கூசு. அன்னையார் காய் நறுக்குவது தரையில், அரிவாள்மனைமீது. துணி துவைப்பது குழாயடியிற் குந்தி. வெற்றிலை போடுவது வாசற்படியில் முழங்காலை மடக்கி. இவ்வளவும் அறிந்தே பொய் சொன்னோம். அந்தக் குளிர்ச்சியான அறையில், பளபளக்கும் மேசைக்கு முன்னால், ‘எங்கள் வீட்டில் குந்தித்தான் உட்காருவோம்’ என்று சொல்ல நமக்கு வெட்கமாயிருந்தது. லயத்திலிருந்து வந்தவர்கள் என்பது தெரிந்துவிடுமோ என்னும் கூச்சம். உயரமான கக்கூசு ஒன்றைப் பின்னர் வைத்துவிட்டால் பொய் மெய்யாகிவிடுமே என்றும் எண்ணிக்கொண்டோம்.

ரண சிகிச்சை குறைவின்றி முடிந்தது. சாய்வு 41 டிகிரி, திருப்பம் 17 டிகிரி, கால் நீளத்தில் வித்தியாசம் 2 மில்லிமீட்டர் என்று டாக்டர் காட்டிய திரைப்படத்தை நாம் கைப்பேசியில் படம் பிடித்து உறவினர் அனைவர்க்கும் அனுப்பினோம். ‘தொண்ணூறு டிகிரிக்குமேல் இடுப்பை மடக்கலாகாது, தாழ்ந்த இடத்தில் உட்காரலாகாது, கால்மேற் கால் போடலாகாது’ என்று அச்சிட்ட தாளொன்றும் கொடுத்தார்கள். அதை முழுதும் மொழிபெயர்த்துச் சொல்லாமல், “பார்த்து நடந்துகொள்ளுங்கள் அம்மா” என்று சுருக்கிவிட்டோம். முதல் ஆறு வாரம் தமக்கையார் வீட்டில் இருந்தார். அங்கே உயரமான கக்கூசு உண்டு. வலி நீங்கிற்று; கைத்தடியோடு நடந்தார். ஏழாவது வாரம் நம் வீட்டுக்கு வந்தார். கக்கூசை மாற்றும் வேலை ‘அடுத்த மாதம்’ என்ற நிலையிலேயே இருந்தது.

வந்த நான்காம் நாள் விடியற்காலையில் அவருடைய கூக்குரல் கேட்டு ஓடினோம். குந்தி உட்கார்ந்தவர் ஒருபக்கமாய்த் திரும்பி எழ முயன்றிருக்கிறார், இடுப்பு நழுவிவிட்டது. கால் உட்புறமாய்த் திரும்பிக் குறுகியிருந்தது. அந்தக் குறுகிய இடத்தில், ஈரத் தரையில், தாயைத் தாங்கிக்கொண்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்த நேரத்தை நாம் மறக்கமுடியாது. அந்நிலையிலும் அவர், “தப்பு என்னுடையதுதான், தம்பி. நான் பார்த்து எழுந்திருக்கவேண்டும்” என்றார்.

மயக்கங் கொடுத்து மூட்டைத் திரும்ப உள்ளே தள்ளினார்கள். மறுநாள் டாக்டர் பழைய பதிவுகளையும் புதிய எக்ஸ்ரே படத்தையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார். கிண்ணம் அணுவளவும் அசையவில்லை; 41 டிகிரி 41 டிகிரியாகவே இருந்தது. அவருக்கு வியப்பு. “விழுந்தாரா?” என்று நம்மைக் கேட்டார். நாம் தலைகுனிந்து நின்றோம். அப்பொழுது கட்டிலிலிருந்து அன்னையாரே பேசினார்.

“டோக்டோர், ஹாரி ஹாரி சாயா சங்கோங்.”

‘டாக்டர், நான் தினமும் குந்தித்தான் உட்காருகிறேன்’ என்பது அதன் பொருள். நம் அன்னையாருக்கு மலாய் தெரியும். தோட்டத்தில் அண்டை கம்பத்துப் பெண்களோடு பேசியும், பாசாருக்குப் போயும் பழகிய மலாய். அவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையே இருக்கவில்லை. டாக்டர் கேட்ட முதற் கேள்வியும் அவருக்கு விளங்கியிருக்கிறது. நாம் சொன்ன ஆங்கிலத்தின் பொருளையும் ஒருவாறு ஊகித்திருக்கிறார். பிள்ளையை அந்நியர்முன் பொய்யனாக்க விரும்பாமல் வாய்மூடி இருந்திருக்கிறார்.

டாக்டர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. நாற்காலியை இழுத்துக் கட்டிலருகே போட்டுக்கொண்டு, அன்னையாரோடு நேரே பேசத் தொடங்கினார். எழுந்தது முதல் படுக்கும் வரை என்னென்ன செய்வார் என்று கேட்டார். குனிந்து நிமிர்வது எப்படி, முதுகு வளைகிறதா என்று கேட்டார். பிறகு நமக்கு ஒன்றை விளக்கினார். நிற்கும்பொழுது இருக்கும் இடுப்பெலும்பு, உட்காரும்பொழுது அப்படியே இருப்பதில்லை. பின்பக்கமாய்ச் சாய்ந்துகொடுத்துக் கிண்ணத்தின் வாயைச் சற்றுத் திறந்துவிடுகிறது. முதுகெலும்பு இறுகிப்போனவர்களுக்கு அவ்வாறு சாய்வதில்லை. அப்படிப்பட்டவர் ஆழக் குந்தினால், தொடையெலும்பின் கழுத்து கிண்ணத்தின் முன்விளிம்பில் இடித்து, பந்தை நெம்புகோல்போலப் பின்பக்கம் தூக்கிவிடும். நம் அன்னையாருக்கு முதுகும் இறுகியிருந்தது. படுத்திருக்கும் உடம்பை யந்திரம் பிழையின்றி அளந்தது. எழுந்து நடமாடும் உடம்பு எப்படியெல்லாம் மடங்கும் என்பதை ஒருவரும் அதற்குச் சொல்லவில்லை.

பின்னர் நாம் தேடிப் படித்ததில், இது நம் வீட்டுக் கதை மட்டுமன்று என்று தெரிந்தது. 2016-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ கிளினிக் டாக்டர்கள் 9,784 இடுப்பு மூட்டுகளின் வரலாற்றை ஆராய்ந்து வெளியிட்டனர். அவற்றுள் 206 நழுவின. நழுவியவற்றுள் நூற்றுக்கு 58 வீதம், 1978-இல் வகுத்த அந்தப் பத்திரமான எல்லைக்குள்ளேயே வைத்தவை! எல்லோர்க்கும் ஒரே எல்லை பொருந்தாது என்பது இதனாற் புலனாகிறது. நிற்கும்பொழுதும் உட்காரும்பொழுதும் தனித்தனியே எக்ஸ்ரே படம் எடுத்து, ஆளுக்கேற்றபடி சாய்வைத் தீர்மானிக்கும் முறை இப்பொழுது பரவி வருகிறது. எளிதில் நழுவக்கூடியவர்களுக்கென்று, பந்துக்குள் பந்து சுழலும் இரட்டை அசைவுக் கிண்ணமும் உண்டு. 1970-களில் பிரான்சின் கில் பூஸ்கே என்பவர் கண்டது அது. குந்தும் வழக்கத்தை நாம் முன்பே சொல்லியிருந்தால் டாக்டர் இவற்றுள் எதைத் தேர்ந்திருப்பாரோ! குறைந்தது, கக்கூசை மாற்றிய பிறகே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

அப்படியானால் கம்ப்யூட்டர் வீணா என்று நேயர்கள் கேட்கலாம். வீணன்று. அதைக் கொண்டு வைக்கும் கிண்ணங்கள் குறித்த சாய்வை விட்டு வெகுதூரம் விலகிப்போவது குறைகிறது என்பது பல ஆராய்ச்சிகளில் உறுதிப்பட்டிருக்கிறது. எலும்பின் அமைப்பே கோணலாயிருப்பவர்கட்கு அத்தகைய துணை மிகவும் வேண்டியதாகலாம். ஆனால் அதனால் நோயாளி மேலும் நன்றாக நடக்கிறார், மூட்டு மேலும் பல்லாண்டு நிலைக்கிறது என்பது அதே உறுதியோடு நிலைநாட்டப்படவில்லை. ரண சிகிச்சைக்கு நேரமுங் கூடுகிறது, செலவுங் கூடுகிறது. யந்திரத்தின் கணக்கோ, டாக்டர் தொட்டுக்காட்டும் புள்ளிகளைப் பொறுத்தது. நடுவெலும்பின்மேல் சதைப்பற்று மிகுந்திருந்தால் அப்புள்ளியே சற்றுப் பிசகும்; அப்பிசகு கணக்கிலும் ஏறும். முன்னே தலையெழுத்தை நம்பிக் கேள்வி கேளாதிருந்தோம். பின்னே யந்திரத்தை நம்பிக் கேள்வி கேளாதிருந்தோம். கேளாமையில் இரண்டும் ஒன்றே.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கொத்தனாரை அழைத்தோம். குந்தும் கக்கூசை இடித்து, உயரமானதை வைத்து, பக்கத்துச் சுவரில் பிடித்து எழுவதற்கு இரும்புக் கம்பியொன்றும் பொருத்தினார். சமையலறையில் உயரமான மேசை போட்டு, அரிவாள்மனைக்கு ஓய்வு கொடுத்தோம். இவ்வளவுக்கும் ஆன செலவு, கம்ப்யூட்டருக்கென்று நாம் கூடுதலாகக் கொடுத்த தொகையில் ஒரு சிறு பங்குதான். அதன்பின் அந்த இடுப்பு நழுவவேயில்லை.

2022-ஆம் ஆண்டில் வலப்பக்கத்து மூட்டும் தேய்ந்து மாற்ற வேண்டியதாயிற்று. இம்முறை அன்னையார், “காத்திருக்கலாம், தம்பி” என்றார். காத்திருந்து அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே செய்துகொண்டார். கம்ப்யூட்டர் இல்லை, ஒரு டாக்டரின் கையும் கண்ணுந்தான். டாக்டர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அன்னையாரே மலாயில் விடை கூறினார். நாம் சுவரோரத்து நாற்காலியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். நாம் அறியாத செய்திகள் பல அன்று கேட்டோம். இரவில் வலி தாங்காமல் எழுந்து, எங்களை எழுப்பலாகாதென்று இருட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாராம். மூன்றாண்டுகளாக அவ்வாறு நடந்திருக்கிறார்; அடுத்த அறையில் நாம் உறங்கிக்கொண்டிருந்திருக்கிறோம். அந்த மூட்டும் நன்றாக அமைந்தது. ஒரு மூட்டின் நற்பயனைக் கொண்டு கம்ப்யூட்டர் வேண்டாமென்று வாதிப்பதும் அறிவுடைமையாகாது. ஒருவருக்கு நேர்ந்தது எல்லோர்க்கும் சான்றாகிவிடாது. ஆகவே அவ்வாதத்தை நாம் செய்யவில்லை.

நாம் சொல்ல விரும்புவது சிறிதே. இடுப்பு மூட்டு மாற்றிக்கொள்ளப் போகிறவர்கள், ‘என்ன யந்திரம் வைத்திருக்கிறீர்கள்?’ என்று கேட்பது தவறன்று. அந்த யந்திரத்தால் தம் உடம்புக்குக் குறிப்பாக என்ன நன்மை என்றும், அஃதின்றிச் செய்தால் என்ன குறையும் என்றும் சேர்த்துக் கேட்கவேண்டும். அதற்கு முன்னால், தாங்கள் எப்படி உட்காருகிறோம், எங்கே படுக்கிறோம், எத்தனை படி ஏறுகிறோம், என்ன கக்கூசைப் பயன்படுத்துகிறோம் என்பதை ஒளியாமற் சொல்லவேண்டும். பணமில்லையென்றால் அதையும் சொல்லலாம். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருத்துவ சமூகப்பணி அதிகாரி ஒருவர் இருக்கிறார். ஏழை நோயாளிகளுக்கு உதவிநிதி பெற வழிகாட்டுவது அவர் கடமை. அவரைத் தேடிப் போகக் கூச்சப்பட்டு, வட்டிக்கு வாங்கிச் செலவு செய்த குடும்பங்களை நாம் அறிவோம்.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். தாய் பேசும்பொழுது குறுக்கே பேசாதீர்கள். அவளுக்குத் தெரியாத மொழியானால், அவள் சொன்னதைச் சொன்னவாறு சொல்லுங்கள். உங்கள் மானத்துக்கேற்பத் திருத்திச் சொல்லாதீர்கள். லயத்தில் பிறந்ததும், தரையில் உட்கார்ந்து உண்டதும், குந்தித் துணி துவைத்ததும் இழிவல்ல. அப்படி உழைத்தவர்கள் கட்டிய படிப்பில்தான் நாம் இன்று நாற்காலியில் உட்காருகிறோம்.

அன்னையாருக்கு இப்பொழுது எழுபதைத் தாண்டிப் பல ஆண்டுகள் ஆகின்றன. மாலைவேளையில் வாசலில் உயரமான நாற்காலி போட்டு அமர்ந்து, தெருவில் போகிறவர்களோடு பேசிக்கொண்டிருப்பார். இடுப்பு வலியோடு வருகிற பெண்கள் சிலர் அவரிடமே யோசனை கேட்கிறார்கள். அவர் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. “டாக்டர் கேட்டால் நீயே சொல்லு. உன் பிள்ளையைச் சொல்லவிடாதே” என்று மட்டும் சொல்கிறார். சொல்லிவிட்டு, உள்ளே உட்கார்ந்து கணக்கெழுதிக்கொண்டிருக்கும் நம்மைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்.